டிபி6600 டிரைவர்: நிற்கும்போது மோட்டார் இறுகுகிறது, நகரச் சொன்னால் தளர்ந்துவிடுகிறது

கேள்வி (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிகளுக்கான மயில்தோகை வடிவங்களை எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒட்டுப்பலகையில் கையாலேயே அறுத்து வந்தோம். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதால், அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு கணினி சொல்படி வெட்டும் ஒரு சிறிய சிஎன்சி இயந்திரத்தை நானே கட்டி வருகிறேன். சட்டமும், அச்சுகளை நகர்த்தும் திருகுத் தண்டுகளான 1605 பால் ஸ்குருக்களும் சரியாகப் பொருந்திவிட்டன. மின் இணைப்பில்தான் நான்கு நாளாகத் திணறிக்கொண்டிருக்கிறேன்.

அர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் 1.1 (கணினிக் கட்டளைகளை மோட்டாருக்கான பல்சுகளாக மாற்றும் மென்பொருள்) ஏற்றியிருக்கிறேன். மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியே ஒரு டிபி6600 டிரைவரும் (மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் பெட்டி), ஒரு நீமா 23 மோட்டாரும் (பல்சுக்கு ஒரு படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்) உள்ளன. மின்வழங்கி 24 வோல்ட். ஒவ்வொரு டிரைவரிலும் பியுஎல்+ (பல்சு), டிஐஆர்+ (திசை), ஈஎன்ஏ+ (இயக்க அனுமதி) ஆகிய முனைகளை ஊனோவின் 5 வோல்ட்டுடன் சேர்த்துவிட்டு, கழித்தல் குறியுள்ள முனைகளைப் பின்களுக்குக் கொண்டு சென்றேன். பல்சுக்கு டி2, டி3, டி4. திசைக்கு டி5, டி6, டி7. மூன்று ஈஎன்ஏ- முனைகளும் ஒன்றாக டி8-க்கு.

எக்ஸ், ஒய் அச்சுகளில் நடப்பது எனக்கு விளங்கவில்லை. இயந்திரம் சும்மா நிற்கும்போது மோட்டார் தண்டு கையால் அசைக்க முடியாதபடி இறுகியிருக்கிறது. கணினியிலிருந்து 10 மில்லிமீட்டர் நகரச் சொன்னதும், நகராமல் இறுக்கம் விட்டுப்போய், விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது; நகர்வுக்கான நேரம் முடிந்தவுடன் மறுபடியும் இறுகிக்கொள்கிறது. இசட் அச்சு மோட்டாரோ எப்போதுமே இறுகுவதில்லை. மெல்லிய கீச்சொலி மட்டும் வருகிறது. அது பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றி விற்கப்பட்டது; கம்பிகளை நிறம் பார்த்து மற்ற இரண்டைப் போலவே இணைத்தேன். டிரைவர்களே பழுதா, இல்லை என் இணைப்பில் தவறா?

மறுமொழி (கோலாலம்பூர், செந்தூல்)

வணக்கம் தம்பி. முதலில் இசட் மோட்டாரைப் பாருங்கள். ஜாலான் பாசார் கடைகளில் விவரத்தாள் இல்லாத மோட்டார்களை வாங்கிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: கம்பியின் நிறத்தை நம்பவே கூடாது. மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, மின்வழங்கியின் விளக்கு அணைந்த பிறகு, நான்கு கம்பிகளையும் டிரைவரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாகச் சோதியுங்கள். ஒரே சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஓரிரு ஓம் காட்டும். வெவ்வேறு சுருள்களின் கம்பிகளுக்கு இடையே எதுவும் காட்டாது. மீட்டர் கையில் இல்லாவிட்டால், இரண்டு கம்பிகளின் நுனிகளை ஒன்றாக முறுக்கிவிட்டுத் தண்டைச் சுழற்றுங்கள். கனமாக இழுத்தால் அந்த இரண்டும் ஒரே சுருளுக்கு உரியவை. அந்த இணைகளில் ஒன்று ஏ+, ஏ- முனைகளுக்கும், மற்றது பி+, பி- முனைகளுக்கும் போக வேண்டும். ஓர் இணைக்குள் முனைகள் இடம் மாறினால் சுழலும் திசைதான் மாறும், அதில் பயமில்லை.

எக்ஸ், ஒய் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊனோவின் ஜிஎன்டி (0 வோல்ட்) முனையையும் 24 வோல்ட் மின்வழங்கியின் எதிர்முனையையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். என்னுடைய ஏ4988 என்ற சிறு டிரைவர்ப் பலகையில் அதுதான் குறையாக இருந்தது.

மறுமொழி (பினாங்கு, பாயான் லெப்பாஸ்)

சுருள் சோதனையைப் பற்றி மேலே ஐயா எழுதியது முழுக்கச் சரி. எதிர்முனைகளை இணைப்பது பற்றிய கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஏ4988 பலகையில் பின்னும் டிரைவரும் நேரடியாகச் சேர்வதால் பொது ஜிஎன்டி கட்டாயம். டிபி6600 பெட்டியிலோ சிக்னல் முனைகள் ஆறும் ஆப்டோகப்ளர் வழியாகவே உள்ளே போகின்றன. அங்கே மின்சாரம் கடப்பதில்லை, ஒளிதான் கடக்கிறது. 24 வோல்ட் பக்கத்தை ஊனோவுடன் இணைக்கத் தேவையில்லை. இணைத்தால் மோட்டார்ப் பக்கத்து இரைச்சலை ஊனோவுக்குள் வரவழைப்பதாகவும் முடியலாம்.

தம்பி, உங்கள் டிரைவர்கள் பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கவனித்து எழுதிய அந்தத் தலைகீழ் நடத்தையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஈஎன்ஏ என்ற பெயரைப் பார்த்தால், அதற்கு மின்சாரம் கொடுத்தால் மோட்டார் இயங்கும் என்று தோன்றும். இந்த வகை டிரைவர்களில் பெரும்பாலும் நிலைமை நேர்மாறு: ஈஎன்ஏ ஆப்டோகப்ளரில் மின்சாரம் ஓடினால் மோட்டார் விடுவிக்கப்படும், ஓடாவிட்டால், அதாவது அந்த முனைகளை வெறுமனே விட்டாலும், டிரைவர் வேலை செய்யும். இனி ஜிஆர்பிஎல் பக்கம் பாருங்கள். அது மோட்டாரை இயக்க விரும்பும்போது டி8-ஐ 0 வோல்ட்டுக்கு இறக்கும். நகர்வு முடிந்து, மென்பொருளின் $1 அமைப்பில் (மோட்டாரை விடும் முன் காத்திருக்கும் நேரம்) உள்ள இயல்பான 25 மில்லிவினாடி கழிந்ததும், அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும். நீங்கள் ஈஎன்ஏ+ முனையை 5 வோல்ட்டில் கட்டியிருப்பதால், சும்மா நிற்கும்போது இருபுறமும் 5 வோல்ட். மின்சாரம் ஓடவில்லை, மோட்டார் இறுகுகிறது. நகரச் சொன்னதும் டி8 இறங்குகிறது, ஆப்டோகப்ளர் ஒளிர்கிறது, டிரைவர் மோட்டாரை விட்டுவிடுகிறது. பல்சுகள் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கும். பற்றிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம், அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஈஎன்ஏ+, ஈஎன்ஏ- முனைகளுக்கு இடையே பிடித்துக்கொண்டு நீண்ட நகர்வு ஒன்றைக் கொடுங்கள். நிற்கும்போது 0, நகரும்போது 4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஐயம் தீர்ந்தது.

$4 அமைப்பை 1 ஆக்கினாலும் இந்தத் தலைகீழ் நேராகிவிடும். ஆனாலும் மூன்று ஈஎன்ஏ கம்பிகளையும் கழற்றிவிடுங்கள் என்றே சொல்வேன், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உள்ளே 330 ஓம் அளவில் தடை இருந்தால் ஓர் ஆப்டோகப்ளர் ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் இழுக்கும். மூன்றும் சேர்ந்து ஒரே பின்னில் 30-ஐ நெருங்கும். ஊனோவின் ஒரு பின்னுக்குப் பரிந்துரைக்கப்படுவது 20 தான். இரண்டாவது காரணம் இசட் அச்சு: நகர்வு முடிந்ததும் மோட்டார் விடுபட்டால், வழுக்கலான பால் ஸ்குருவில் ஸ்பிண்டில் (வெட்டுக்கத்தியைச் சுழற்றும் மோட்டார்) தன் எடையாலேயே கீழே இறங்கி, அப்பா வரைந்த தோகையின் மேல் வெட்டுக்கத்தி பதியும்.

நேரம் இருந்தால் இணைப்பையே மாற்றி, பியுஎல்-, டிஐஆர்- முனைகளை ஊனோவின் ஜிஎன்டி-யிலும், கூட்டல் முனைகளைப் பின்களிலும் கட்டுங்கள். அப்போது பல்சு வரும்போது மட்டுமே ஆப்டோகப்ளர் ஒளிரும். ஜிஆர்பிஎல்-இன் இயல்பான அமைப்பு அதற்கே பொருந்துகிறது. திசை தவறினால் $3 வழியாகத் திருப்பிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மின்சாரம் இருக்கும்போது மோட்டார்க் கம்பியை எக்காரணத்தைக்கொண்டும் கழற்றாதீர்கள். சுருளில் ஓடும் மின்சாரம் திடீரென அறுபட்டால் எழும் உயர் வோல்ட் ஒரு நொடிக்குள் டிரைவரை எரித்துவிடும். நான் ஒன்றை அப்படி இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் (பட்டர்வொர்த்)

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈஎன்ஏ முனைகளில் நிற்கும்போது 0, நகரும்போது 4.3 வோல்ட் காட்டியது. கம்பிகளைக் கழற்றி, மற்றவற்றை ஜிஎன்டி முறைக்கு மாற்றியதும் எக்ஸ் அச்சு முதல் கட்டளைக்கே நகர்ந்தது. இசட் மோட்டாரில் சிவப்பும் பச்சையும் ஒரு சுருள், கறுப்பும் நீலமும் மற்றொரு சுருள். நான் கறுப்பையும் பச்சையையும் இணையாக நினைத்திருந்தேன். மாற்றியவுடன் கீச்சொலி நின்று, தண்டு இறுகிவிட்டது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. 100 மில்லிமீட்டர் நகரச் சொன்னால் எக்ஸ் அச்சு இரும்பு அளவுகோலில் சரியாக 100 காட்டுகிறது. ஒய் அச்சு 50 மட்டுமே போகிறது. எக்ஸ், ஒய் அச்சுகளில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பல்சு என்று சொல்லும் $100, $101 அமைப்புகள் இரண்டும் 320 தான். பல்சுகள் தவறுகின்றனவா?

மறுமொழி (பினாங்கு, பாயான் லெப்பாஸ்)

பல்சு தவறினால் இவ்வளவு துல்லியமாகப் பாதி வராது. 47, 52 என்று ஒவ்வொரு முறையும் மாறும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படியையும் டிரைவர் எட்டாகப் பிரித்தால் 1600 பல்சு, ஸ்குரு ஒரு சுற்றில் 5 மில்லிமீட்டர் நகர்வதால் 320. எக்ஸ் அச்சில் இந்தக் கணக்கு சரியாக நிற்கிறது. ஒய் டிரைவரின் டிப் சுவிட்சுகள் (இந்தப் பிரிப்பைத் தேர்ந்தெடுக்கும் குட்டிச் சுவிட்சுகள்) எட்டுக்குப் பதிலாகப் பதினாறில் இருக்க வேண்டும். மூடியில் அச்சிட்டிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். அப்போதே மின்னோட்டச் சுவிட்சுகளையும் பார்த்து, மோட்டாரின் மதிப்பு 2.8 ஆம்பியர் என்றால் முதலில் 2.0-இல் வைத்து ஓட்டுங்கள். வெட்டும்போது மோட்டார் படி தவறினால் மட்டும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றலாம்.