சேலத்துல விட்டுட்டு வந்த கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரிக்குப் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணா, நான் கனடா வந்துட்டேன். அப்பா அஸ்தம்பட்டி வீட்ல இருக்கார். பெட்ரோல் கார் பெரும்பாலும் நிழல்ல சும்மாவே நிக்குது. இப்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது. புது பேட்டரி வாங்கச் சொல்லட்டுமா?

பதில்: இப்ப வேண்டாம் தம்பி. முதல்ல அப்பாவை வண்டில உக்காரச் சொல்லி, போனை ஸ்பீக்கர்ல போட்டு சாவியைத் திருகச் சொல்லுங்க. சத்தம்தான் முக்கியம்.

"டக்டக்டக்"னு அடிச்சு டேஷ்போர்டு லைட் மங்கினா சார்ஜ் இல்லை, இல்லேன்னா டெர்மினல் (பேட்டரில ஒயர் மாட்டுற முனை) லூஸ். லைட் மங்காம ஒரே ஒரு "டக்" வந்தா ஸ்டார்ட்டர் மோட்டாரை, அதாவது செல்ஃபைப் பாக்கணும். செல்ஃப் நல்லா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலேன்னா பேட்டரி மேல தப்பு இல்லை. பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரலை.

நிக்கிற வண்டியும் கரண்ட் குடிக்கும். அலாரம், லாக், கடிகாரம்னு 50 மில்லிஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவோட அளவு) போகும். 35 ஏஹெச் பேட்டரி ஒரு மாசத்துல காலி. சேலம் வெயில்ல அது தானாவும் இறங்கும். அதனால இறங்கின பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி இல்லை. ராத்திரி முழுக்க நின்ன வண்டில மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க: 12.6 வோல்ட்னா ஃபுல், 12.2னா பாதி. குறைவா இருந்தா சார்ஜர்ல 3 ஆம்பியர் அளவுல ராத்திரி முழுக்க ஏத்தணும். அப்புறமும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா தாராளமா மாத்துங்க. இன்ஜின் ஓடும்போது சாதாரணமா 13.8 முதல் 14.5 வரை காட்டணும். காட்டலேன்னா ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் கோளாறு, புது பேட்டரியும் இறங்கிடும்.

டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா உப்பு பூத்திருந்தா நெகட்டிவை முதல்ல கழட்டி, சமையல் சோடா கலந்த வெந்நீர்ல தேய்க்கணும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசில.

செல்ஃப் சுத்தியும் பிடிக்காத வண்டிக்கு: செல்ஃப் அடிக்காம சாவியை ஆன்ல மட்டும் வைக்கணும். பின் சீட்டுப் பக்கம் ரெண்டு செகண்ட் "ங்ங்"னு பம்ப் சத்தம் கேக்கும். மூணு தடவை ஆஃப்-ஆன் பண்ணிட்டு அடிச்சா பிடிக்குதா? அப்ப ராத்திரில பெட்ரோல் பிரஷர் இறங்குது. பம்ப்ல இருக்கிற வால்வோ, இன்ஜினுக்குள்ள பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுகுறதோ காரணம். சத்தமே இல்லேன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் எலி. நின்ன வண்டின்னா எலியைக் கண்டிப்பா சந்தேகப்படுங்க, ஒயரைக் கடிச்சிருக்கும். சாவிப் படம் போட்ட லைட் மின்னினா இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லேன்னா வண்டியை எடுக்க விடாத திருட்டுத் தடுப்பு. இன்னொரு சாவியைப் போட்டுப் பாக்கணும்.

இன்னொரு பதில்: ஏற்காட்டு வீட்ல டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க, பனிக்காலத்துல டேஷ்போர்டுல சுருள் படம் போட்ட லைட் அணையுற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. அப்பவும் வெள்ளைப் புகை விட்டுத் திணறினா டீசல் இன்ஜினைச் சூடாக்குற குளோ பிளக்ல கோளாறு. இருபது கொண்டை ஊசி ஏறி சூடா நிறுத்தின வண்டி உடனே எடுக்காம, ஆறின பிறகு எடுத்தா கிராங்க் சென்சரை (இன்ஜின் சுத்துறதைக் கவனிக்கிற சென்சர்) சந்தேகப்படணும். எதா இருந்தாலும் பத்து செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவுல அரை நிமிஷம் விடணும்.

வீட்டு வாசல்லயே அஞ்சு நிமிஷம் ஓட விட்டா பேட்டரி ஏறாது. வாரம் ஒரு தடவை அஸ்தம்பட்டில இருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போயிட்டு வரட்டும். ஓட்ட ஆளில்லேன்னா நெகட்டிவைக் கழட்டி வச்சிடுங்க. கடிகாரம், ரேடியோ மாதிரி சில செட்டிங் போகும்.