கோட்டாட்சியர் கூட்டும் அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் கேட்பது எப்படி?

முதுநகர் மீன்காரி:
கடலூர் முதுநகர் துறைமுகத்துல ஏலம் எடுத்து மஞ்சக்குப்பத்துல விக்கிறவ நான். சுருக்குமடி, அதான் மீன் கூட்டத்தையே வளைச்சு அள்ளற பெரிய வலை, அந்தத் தகராறுல எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் போன மாசம் கைகலப்பு. ஊர்ப் பேர் வேண்டாம், பிள்ளைங்க மேல வழக்கு இருக்கு. கடலுக்குப் போகாம குழுக் கடன் தவணை நிக்குது. அந்த ஊர்ப் பொம்பளைங்களும் நாங்களும் எத்தனையோ வருஷமா ஒரே லோடு ஆட்டோவுல போனவங்க. இப்போ தனித்தனி ஆட்டோ, வாடகையே லாபத்தைத் தின்னுது. முகம் பார்த்துக் கூடப் பேசறதில்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல. கோட்டாட்சியர் கூட்டின அமைதிக் கூட்டத்துக்கு ரெண்டு ஊர் நாட்டாரும் (ஊர்த் தலைவருங்க) போனாங்க, கையெழுத்துப் போட்டாங்க. பொம்பளை ஒருத்தி கூட உள்ள இல்ல. எங்களையும் உக்கார வைங்கன்னு கேக்க வழி உண்டா?

கட்டுமரம்:
அக்கா, தமிழ்நாட்டுல 2000-லேயே இந்த வலைக்குத் தடை. 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்துச்சு: 12 கடல் மைலுக்கு அப்பால, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8லிருந்து மாலை 6 வரை. சின்ன வலைக்காரன் மத்தி கிடைக்காம நிக்கிறான், பெரிய வலை போட்டவன் கடன்ல நிக்கிறான். இதைப் பொம்பளைங்க பேசி என்ன தீரும்?

வம்பாகீரப்பாளையம் டீச்சர்:
தம்பி, வலை வழக்கு வேற, அதுக்கப்புறம் ஊருக்குள்ள தங்கிப்போற பகை வேற. 2021 ஆகஸ்டுல இங்க புதுச்சேரியில வீராம்பட்டினம், நல்லவாடு ஆட்கள் மோதி, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டாங்க. சட்டத்தை மட்டும் நம்பி அந்தப் பகை ஆறாது.

மீன்காரிம்மா, கென்யாவுல வஜீர்னு ஒரு ஊர். 1990-கள் தொடக்கத்துல குலச் சண்டை முத்தி, சந்தையிலயே ஒரு குலத்துக்காரி இன்னொரு குலத்துக்காரிகிட்ட வாங்க மாட்டா. டெக்கா இப்ராஹிம் அப்தியும் சில பெண்களும் முதல்ல அந்தச் சந்தையைத்தான் சரி பண்ணாங்க. யாரும் யார்கிட்டயும் வாங்கலாம், விக்கலாம். மீறினா கவனிச்சுப் பேசித் தீர்க்க ஒரு குழு. மூத்தவங்ககிட்ட போனது அதுக்கப்புறம்தான். 2007-ல டெக்காவுக்கு, மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது கிடைச்சது.

நீங்களும் ஏலக்கூடத்துல ஆரம்பிங்க. ஆபீஸ் பிறகு. ரெண்டு ஊர்ப் பெண்களும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டு, திங்கக்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுங்க. தனித்தனி மனுவா மட்டும் கொடுத்துடாதீங்க.

முதுநகர் மீன்காரி:
நன்றி டீச்சர். அந்த ஊர்ல என் வயசுல ஒரு அக்கா இருக்கா, நெத்திலிக் கருவாடு போடறவ. அவ பையனுக்கும் மண்டையில தையல், எங்க வீட்டுப் பிள்ளைக்கும் கையில கட்டு. நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் நானே போய்ப் பேசறேன். தம்பி, வலையைப் பத்தி நாங்க தீர்ப்பு சொல்ல வரல. அடுத்த தடவை யார் வீட்டுப் பிள்ளையும் கட்டையத் தூக்கக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறோம். மனு எழுதத் தெரிஞ்சவங்க கடலூர்ல இருந்தா இங்கயே சொல்லுங்க.