பேட்ச் முறைக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

கடைசிபெஞ்ச்:
கணக்கியல் தகவல் அமைப்புகள் பாடத்தில் ஒரு சந்தேகம். டிரான்சாக்ஷன் செயலாக்கம் ஒரு அத்தியாயம், தரவுச் செயலாக்கம் அடுத்த அத்தியாயம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது. போதாததற்கு, பதிவுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஏற்றும் பேட்ச் முறைக்கு மட்டும் பத்துப் பக்கம். எல்லாம் நொடியில் பதிவாகும் காலத்தில் இதை எதற்குப் படிக்க வேண்டும்?

நிரலன்:
பரீட்சைக்காக. பேட்ச் என்பது காந்த நாடா வைத்த கட்டாயம். நாடாவின் நடுவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரை நேராகப் போய்த் தொட முடியாது, தலையிலிருந்து ஓட்டியாக வேண்டும். அதனால் அன்றைய பில்களை மொத்தமாகச் சேர்த்து, கணக்கு எண் வரிசையில் அடுக்கி, எல்லா வாடிக்கையாளர் நிலுவைகளும் இருக்கும் பழைய மாஸ்டர் ஃபைலோடு பொருத்தி, ஒரே ஓட்டத்தில் புதிய மாஸ்டர் ஃபைல் எழுதினார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை நாடாக்களைப் பத்திரப்படுத்தியதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். வட்டு வந்தது, கட்டாயம் போனது.

சிவப்புப்பேனா:
நாடாவுக்கு முன்பே பேட்ச் இருந்தது, நிரலன். 1494இல் வெனிஸில் அச்சான பச்சோலியின் நூலிலேயே மூன்று ஏடுகள் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க ஒன்று, அதைப் பற்று வரவாக மாற்றக் குறிப்பேடு, அப்புறம் பேரேடு. முதல் ஏட்டில் உடனுக்குடன் எழுதுவார்கள், மற்றதெல்லாம் ஆற அமர. இன்னொரு கண் படுவதற்கு அந்த இடைவெளி உதவியது.

கடைசிபெஞ்ச், உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு கடன் விற்பனை நடக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று அதை முழுதாக, ஒரே ஒரு முறை பதிந்து கணக்குகளில் ஏற்றுவது டிரான்சாக்ஷன் செயலாக்கம். மாதக் கடைசியில் அதே பதிவுகளை வைத்து, எந்தக் கடனாளி முப்பது நாளைத் தாண்டினார், யார் அறுபதைத் தாண்டினார் என்று பிரித்துப் பட்டியல் எடுக்கிறோமே, அதில் புதிதாக எந்த நடவடிக்கையும் நடக்கவில்லை. இருப்பதை அடுக்கிக் கூட்டுகிறோம், அவ்வளவுதான். அது தரவுச் செயலாக்கம். சில நூல்கள் உள்ளீடு முதல் அறிக்கை வரை எல்லாவற்றையும் தரவுச் செயலாக்கம் என்ற ஒரே குடைக்குள் வைத்துவிடும். உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

நிரலன்:
விளக்கம் சரி. ஆனால் அந்த "இன்னொரு கண்" கதையை விடுங்கள். தவறான எண்ணைத் தட்டினால், சோதனைக்கென்றே கணக்கு எண்ணோடு சேர்த்திருக்கும் சரிபார்ப்பு இலக்கம் அங்கேயே தடுத்துவிடும். தாளைக் கையில் வைத்திருப்பவர் திரைமுன் இருக்கும்போதே பிழை தெரிகிறது. உங்கள் பேட்சில் அது இரவு ஓட்டத்தில்தான் தெரியும். மறுநாள் அந்தப் பில் யார் கையில் இருந்ததென்று தேட வேண்டும்.

சிவப்புப்பேனா:
தவறான எண் என்றால் தடுக்கும். சரியான எண், ஆனால் தவறான ஆள் என்றால்? ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள், 2041 ஒருவர், 3117 இன்னொருவர். 2041க்குப் போக வேண்டிய பில்லை 3117இல் ஏற்றிவிட்டார்கள். சரிபார்ப்பு இலக்கம் தலையாட்டும். பில் எண்ணிக்கை, மொத்தத் தொகை, பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு எல்லாமே பொருந்தும். பொருந்தாதது ஒன்றுதான்: பதிவதற்கு முன் தாள்களைப் பார்த்து வேறொருவர் கூட்டிவைத்த கணக்கு எண்களின் மொத்தம். 1076 இடிக்கும். கணக்கு எண்களைக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை, ஆனாலும் அந்த அர்த்தமில்லாத ஹாஷ் டோட்டல்தான் இங்கே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. (வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறினவா என்று பாருங்கள். தணிக்கைக்காரர்களின் பழைய வித்தை.)

பேரேட்டுப்பூனை:
எங்கள் அலுவலகத்தில் இப்படி இடித்த தொகையை யாரும் தேடவில்லை. எதில் சேர்ப்பதென்று தெரியாததை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு வருடமாக அது அங்கேயே குடியிருக்கிறது.

நிரலன்:
பூனை சொல்வதற்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை :)

சிவப்புப்பேனா, ஹாஷ் டோட்டல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பில்லையும் நொடியில் பதிந்துவிட்டு, சாயங்காலம் தாள்களைக் கூட்டி ஒப்பிடுவதை யார் தடுத்தார்கள்?

சிவப்புப்பேனா:
அதைத்தானே நானும் பேட்ச் என்கிறேன்.

நிரலன்:
இல்லை. பதிவு உடனே, சோதனை மட்டும் கட்டுக்கட்டாக. நீங்கள் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டீர்கள். சரக்கு இருப்பு இந்த நொடியில் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாத பொருளை இருவருக்கு விற்றுவிடுவோம். சம்பளம் மாதம் ஒருமுறைதான், அதை மொத்தமாக ஓட்டுவதில் எனக்குச் சண்டையே இல்லை. தேய்மானமும் அப்படித்தான்.

சிவப்புப்பேனா:
உடனே ஏற்றிய தவறு சாயங்காலத்துக்குள் நாலு இடத்துக்குப் பரவிவிடுமே? அந்த 3117 ஆளின் கடன் வரம்பு மதியமே தாண்டியதாகக் காட்டி, அவருடைய நியாயமான ஆர்டரை உங்கள் அமைப்பே நிராகரிக்கும். ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திருப்புவோம் என்பீர்கள். கணக்கில் அழிப்பது கிடையாது. தவறு அப்படியே நிற்கும், பக்கத்தில் திருத்தப் பதிவு வரும். தடம் வேண்டும்.

நிரலன்:
பரவும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ரோல்பேக்கைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அது கமிட் ஆகும் முன்புதான், அதாவது பதிவு முழுதாக முடிந்து உறுதியாகும் முன்பு. பற்று ஏறி, வரவு ஏறுவதற்குள் மின்சாரம் போனால் பாதிப் பதிவு நிற்கக் கூடாது, அதற்காக. கமிட் ஆனபின் எங்களுக்கும் வழி ஒன்றுதான், எதிர்ப்பதிவு போடுவது. டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனுக்கு இருக்க வேண்டியவை என்று 1983இல் ஹெர்டர், ராய்ட்டர் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் ஏசிட் என்று பெயர் வைத்த நாலு குணங்களில் கடைசி இதுதான்: முடிந்தது நிலைக்கும்.

சிவப்புப்பேனா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

கடைசிபெஞ்ச்:
அப்படியானால் ஆர்டர் வந்தாலே டிரான்சாக்ஷனா?

நிரலன்:
டேட்டாபேஸுக்கு ஆம்.

சிவப்புப்பேனா:
குறிப்பேட்டுக்கு இல்லை. பொருள் இன்னும் கைமாறவில்லை, பணமும் வரவில்லை. ஒரே சொல், இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம். ஆர்டரோடு முன்பணம் வந்தால் மட்டும் பதிவு உண்டு.

கடைசிபெஞ்ச்:
விற்பனையில்தானே?

சிவப்புப்பேனா:
பொறுப்பில், அதாவது நாம் தர வேண்டிய கடன் பக்கத்தில். இன்னும் எதையும் கொடுக்கவில்லையே, அதற்குள் எப்படி விற்பனை?