டைப் 1 நீரிழிவு (சர்க்கரை நோய்) உள்ள பிள்ளையின் வீட்டில் அம்மா அப்பா தூங்க வழி: அனுபவப் பகிர்வு

நீரிழிவு கல்வி செவிலியர், மதுரை:
முதல் வருஷத்தில் பெற்றோரை உடைத்துப்போடுவது ஊசி அல்ல, ராத்திரிதான். தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் இன்சுலினைக் குறைத்தோ பாலும் பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுத்தோ வேண்டுமென்றே 250க்கு ஏற்றிவிட்டுப் படுக்க வைக்கிறார்கள். அன்றைக்கு நிம்மதி. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடி வரும்போது, 'நானே கெடுத்துட்டேன்' என்று அழுகை.

படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். சாயங்காலம் நன்றாக ஓடி விளையாடிய நாள், வாந்தி பேதி உள்ள நாள், டோஸ் மாற்றிய முதல் சில ராத்திரிகள், இந்த மாதிரி ராத்திரிகளில் மட்டும் 2 முதல் 3 மணிக்குள் இன்னொரு தடவை. மற்ற நாளில் எழ வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவாகாத கேள்விதான் விடியவிடிய விழிக்க வைக்கிறது.

உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் காட்டும் சென்சார் இருந்தால் குறைவுக்கு 70லும், ராத்திரி மட்டும் உயர்வுக்கு 250லும் அலாரம் வைப்பது பற்றிக் கேளுங்கள். 180ல் வைத்தால் தோசை சாப்பிட்ட ராத்திரியெல்லாம் அலறும். பிறகு நிஜமாகவே 60க்கு இறங்கும்போது அந்தச் சத்தம் காதில் விழாது. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாகக் குறைவு காட்டும். பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்து, விரலில் குத்திப் பாருங்கள். வேர்வை, நடுக்கம் இருந்தால் மட்டும் சோதனைக்குக் காத்திராமல் குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள்.

ஒரு அப்பா, திருப்பூர்:
இரண்டு பேரும் அரைத்தூக்கம் தூங்குவதில் யாருக்கும் பயனில்லை. ஒரு ராத்திரி முழுக்க ஒருவர் பொறுப்பு. மற்றவர் வேறு அறையில், போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும். 'தேவைன்னா என்னை எழுப்பு' என்பது முறை பிரிப்பது ஆகாது, விழித்திருக்கும் அம்மா எழுப்பவே மாட்டார்.

தலைமாட்டில் ஒரு டப்பா: குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், லான்செட் (விரலில் குத்தும் ஊசி), சின்ன டார்ச், குளுக்கோஸ் பவுடர். பவுடரைப் பகலிலேயே எடைபோட்டுப் பொட்டலம் கட்டிவிடுங்கள். கிலோவுக்கு 0.3 கிராம்: 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, ஐம்பதுக்கு 15. இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் கை அள்ளிப் போட்டுவிடும், விடிகாலை 300 காட்டும், அதற்கு ஒரு சண்டை வரும். கொடுத்துவிட்டு 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு பொட்டலம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவில்லை, வலிப்பு என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, டாக்டர் குளுக்ககான் ஊசி (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) தந்திருந்தால் அதைப் போட்டு, உடனே 108.

ஒரு அம்மா, தஞ்சாவூர்:
'எங்க பரம்பரையிலயே யாருக்கும் இல்லையே', 'மாசமா இருக்கும்போது இனிப்பு சாப்பிட்டிருப்பா'. மாமியார் வீட்டார் பேசும் இந்தப் பேச்சுக்கு அம்மா பதில் சொன்னால் வாய்த்தகராறுதான். அந்தப் பக்கத்துப் பிள்ளையான அப்பா சொல்ல வேண்டும்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்ததால் வந்தது, யார் எதைச் சாப்பிட்டதாலும் அல்ல. மருந்துப் பொடி கொடுத்து ஊசியை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் தயவு தாட்சண்யமே வேண்டாம். ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நோய் தெரிந்த சில வாரத்தில் இன்சுலின் தேவை மளமளவென்று குறையலாம், மிச்சமுள்ள செல்கள் கொஞ்ச காலம் வேலை செய்வதால். குணமாகிவிட்டது என்று வேண்டுதல் நிறைவேற்றிய குடும்பங்கள், டோஸ் மறுபடி கூடும்போது முதல் நாளைவிட மோசமாக நொறுங்கிப் போகின்றன.

பாட்டிக்கு மீட்டரில் பார்க்கவும், பொட்டலம் கரைக்கவும் சொல்லிக்கொடுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது அம்மா வெளியே போய்வர முடியும்.

மனநல ஆலோசகர், கோவை:
ஸ்கூலிலிருந்து வந்ததும் முதல் வார்த்தையாக 'எவ்வளவு இருக்கு?' என்று கேட்காதீர்கள். பை இறக்கட்டும், பேசட்டும், பிறகு பாருங்கள். எண் கூடினால் 'என்ன தின்னே?' வேண்டாம், வளரும் வயதில் ஹார்மோனாலேயே கூடும். அலாரம் இல்லாத ராத்திரியிலும் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரம் தொடர்ந்தால் அது வெறும் அசதி அல்ல. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அடுத்த செக்கப்பில் பிள்ளையின் டாக்டரிடமும் உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ராத்திரி டோஸை மாற்ற அவருக்கு அந்தத் தகவலும் வேண்டும்.