பாப்புலிஸ்ட், புரோகிரசிவ்: தமிழில் என்ன?

அன்புடையீர்,
இளங்கலை வரலாற்றுப் பாடநூலின் அமெரிக்க இயல் புதனன்று அச்சுக்குப் போகிறது. 1892இல் ஒமாஹாவில் கூடிய உழவர்களின் பாப்புலிஸ்ட் கட்சி, 1900க்குப் பின் நகரங்களில் எழுந்த புரோகிரசிவ் இயக்கம். இவ்விரண்டையும் சேர்ந்தவர்களை வரைவு முறையே ‘கவர்ச்சி அரசியலர்’, ‘முற்போக்காளர்’ என்கிறது. சரியா?
— தொகுப்பாளர்

‘கவர்ச்சி’யை முதலில் எடுங்கள் ஐயா. அது நம் நாளிதழ்கள் இலவசத் திட்டத்துக்குச் சூட்டிய பெயர். ஒமாஹாவில் கேட்டவை: ரயில்பாதை அரசுடைமை, வருமான வரி, 16 அவுன்ஸ் வெள்ளிக்கு 1 அவுன்ஸ் தங்கம் என்ற கணக்கில், எவ்வளவு வெள்ளி வந்தாலும் தடையின்றி நாணயமாக்குதல். துணைக் கருவூலத் திட்டமும் உண்டு. விளைச்சலை அரசுக் கிடங்கில் வைத்து, மதிப்பில் 80 விழுக்காடு வரை கடன் வாங்கலாம்; அறுத்த கையோடு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம். இதில் கவர்ச்சி எங்கே? கட்சியின் பெயரே மக்கள் கட்சி. ‘மக்கள் கட்சியர்’ போதும்.
— செ.

‘மக்கட்கட்சியர்’ என்க. ‘லள வேற்றுமையில் றடவும்’ என்பது நன்னூல்; வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகவும் ளகரம் டகரமாகவும் மாறும். மக்கட்பேறு, மக்கட்பண்பு வழக்கில் உள்ளனவே. இலத்தீனிலும் எழுத்துக்கு மதிப்புண்டு: பொபுலுஸ் குறிலானால் மக்கள், போபுலுஸ் நெடிலானால் ஒரு மரம்! நம் கொடு, கோடு போல.
— ந.

மரம் இருக்கட்டும். முற்போக்காளர் என்றதும் மாணவருக்கு இடதுசாரி எழுத்தாளர்தான் நினைவுக்கு வருவார். டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1900 புயலுக்குப் பின் பழைய நகர மன்றம் போய், நிதி, காவல், குடிநீர் எனத் துறைவாரி ஆணையர்கள் வந்தார்கள். ஒஹையோவின் டேட்டனில் 1913 வெள்ளத்துக்குப் பின் சம்பளத்துக்கு அமர்த்திய நகர மேலாளர். இப்படிப் பல ஊர்களில் வார்டை ஒழித்து ஊருக்கே பொதுத் தேர்தல் என்றாக்கியதும் வார்டுத் தலைவர்களின் பிடி தளர்ந்தது. குடியேறிய தொழிலாளர் தம் ஆளை அனுப்பும் வழியும் அடைபட்டது. ‘நகர்ச் சீர்திருத்தர்’ என்போம்.
— இரா.

‘நகர்’ ஒட்டாதம்மா. விஸ்கான்சினில் ஆளுநர் லா ஃபாலெட் ரயில் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியபோது உழவரும் உடன் நின்றார்கள். செனட்டருக்கு நேரடித் தேர்தல் என்று உழவர் கேட்டது 1913இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தமாக நிறைவேறியது. ‘சீர்திருத்தரின் திருத்தம்’ என்று எழுதுவீர்களா? ‘முன்னேற்றர்’ என்றாலோ கழகம் வந்துவிடும்.
— செ.

மூவர் எழுதியதில் செ. பக்கம் போகிறேன்: ‘மக்கள் கட்சியர்’. ‘முற்போக்காளர்’ அடிக்குறிப்போடு நிற்கட்டும். அதைவிட நல்லது எவரும் தரவில்லை.
— தொகுப்பாளர்

ளகரத்தை அப்படியே விட்டது பிழை. ‘மக்கள் கட்சி’ (மக்களது கட்சி) ஆறாம் வேற்றுமைத் தொகை என்பதை விரிவாக நாளை எழுதுகிறேன்.
— ந.