இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை டிஃப்ராக் செய்யலாமா?

நள்ளிரவுப்பணி:
எங்கள் எஸ்க்யூஎல் சர்வர் 2014 தரவுத்தளத்தின் தரவுக் கோப்பு, ஒவ்வொரு முறையும் 1 எம்பி மட்டுமே வளரும் இயல்பமைப்பிலேயே விடப்பட்டதால், சுழலும் வன்தட்டில் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அறிக்கைகள் நாளுக்கு நாள் தாமதமாகின்றன. சிதறிய துண்டுகளை ஓரிடத்தில் சேர்க்கும் விண்டோஸ் டிஃப்ராகை, சேவையை நிறுத்தாமல் ஓட்டலாமா?

இரும்புப்பெட்டி:
கூடாது. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை வேறொரு நிரல் இடம்மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். சேவையை நிறுத்துங்கள், அதற்கு முன் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து சரிபாருங்கள்.

கிளஸ்டர்:
பேக்கப் பற்றிச் சொன்னது சரி, காரணம் சரியில்லை. விண்டோஸ் என்டி 4.0 காலம் முதலே, டிஃப்ராக் நிரல் கோப்பைத் தானே தொடுவதில்லை. இன்னின்ன கிளஸ்டர்களை (வட்டில் இடம் ஒதுக்கப்படும் சிறு அலகுகளை) இன்ன இடத்துக்கு மாற்று என்று விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸிடம் கேட்கிறது, மாற்றுவதும் எது எங்கே என்ற கணக்கைத் திருத்துவதும் என்டிஎஃப்எஸ்தான். கோப்புக்குள், தரவுத்தளம் தரவை வைக்கும் ஒரு 8 கேபி பக்கம் எத்தனையாவது இடத்தில் இருந்ததோ அங்கேயேதான் இருக்கும் என்பதால், தரவுத்தளத்துக்கு இது தெரியவே வராது.

இரும்புப்பெட்டி:
தரவு கெடும் என்ற அச்சத்தை விட்டுவிடுகிறேன். சுமையை எப்படி மறுப்பீர்கள்? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் (7200 ஆர்பிஎம்) தட்டில் சுழற்சிக்காகக் காத்திருப்பது மட்டுமே சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல். தட்டைப் படித்து எழுதும் அந்த ஒரே முனையை டிஃப்ராகும் பயனர்களும் இருபுறமும் இழுத்தால், வட்டின் பதிலுக்காக 15 வினாடிக்கு மேல் காத்திருந்ததாக எஸ்க்யூஎல் சர்வர் சொல்லும் 833 பிழைச் செய்தி வரக்கூடும். நான் பணிபுரிந்த இடத்தில் ஓர் இரவு முழுவதும் வந்தது. மேலும், கிளஸ்டர் அளவு 16 கேபிக்குக் குறைவாக இருந்தால், வட்டிலுள்ள பழைய ஷேடோ காப்பிகள் (வட்டின் முந்தைய நிலையை விண்டோஸ் காத்துவைக்கும் பிரதிகள்) அழிந்துபோகவும் வாய்ப்புண்டு.

கிளஸ்டர்:
ஷேடோ காப்பியை நான் மறந்தே போனேன். ஆனால் தாமதத்துக்குக் காரணம் வட்டுத் துண்டுகள்தானா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. தரவை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸின் பக்கங்கள் கோப்புக்குள்ளேயே வரிசை குலைந்திருந்தால், டிஃப்ராக் அந்தக் குலைவை அப்படியே ஓரிடத்தில் அடுக்கி வைக்கும், அவ்வளவுதான். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் டிஃப்ராக் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

நள்ளிரவுப்பணி:
இப்போது பார்த்தேன். எனக்கு முன்பிருந்தவர், வாரந்தோறும் கோப்பைச் சுருக்கும் ஷ்ரிங்க் வேலையொன்றை அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கிளஸ்டர்:
இரண்டு குற்றங்களுக்கும் ஒரே குற்றவாளி! ஷ்ரிங்க் கடைசிப் பக்கங்களை முன்பகுதியின் காலியிடங்களில் செருகி இண்டெக்ஸைக் குலைக்கிறது. சுருங்கிய கோப்போ மறுபடி 1 எம்பி, 1 எம்பியாக வளர்ந்து வட்டில் சிதறுகிறது.

இரும்புப்பெட்டி:
முதலில் அந்த வேலையை நிறுத்துங்கள். கோப்பைத் தேவையான அளவுக்கு ஒரே தடவையில் பெரிதாக்கி, வளர்ச்சி அளவையும் உயர்த்துங்கள். 2016 பதிப்பிலேயே இயல்பளவு 64 எம்பி ஆகிவிட்டது. அதன்பின் டிஃப்ராக், கடைசியாக இண்டெக்ஸை வரிசையாக மறுபடி கட்டும் ரீபில்ட். சேவையை நிறுத்திவிட்டுத்தான் டிஃப்ராக் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

கிளஸ்டர்:
நானும் மாறவில்லை.

நள்ளிரவுப்பணி:
ஷ்ரிங்க் வேலையை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை இரவு இரண்டு மணிநேரம் சேவையை நிறுத்த அனுமதி கேட்டிருக்கிறேன்.