வக்கீல் என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறியதுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

வடக்குமாடவீதி:
சென்னையில் வீடு தேடிய வக்கீல்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். "வேலையைக் கேட்டால் தனியார் கம்பெனி என்று சொல்லிவிடுங்கள் மேடம்" என்று தரகர் முன்னமே எச்சரித்திருந்தார். எனக்கு மனம் வரவில்லை. வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி, வீட்டுக்காரப் பெரியவர் சாவியை மேஜைமேல் வைத்த பிறகுதான் வேலையைக் கேட்டார். "ஹைகோர்ட்டில் வக்கீல்" என்றேன். வைத்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பாக நினைக்காதேம்மா, போலீஸுக்கும் நாங்கள் கொடுப்பதில்லை."

கடன் அட்டைக்குப் போனால் வங்கியிலும் இதே முகம்தான், அது பழகிவிட்டது. இது பழகவில்லை: நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசல்வரை வந்து, "பூர்வீகச் சொத்தில் தங்கச்சி பாகம் கேட்கிறாள், கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்றார். 2005-லிருந்து மகளுக்கும் சமபங்கு, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கருவேலங்காடு:
பெரியவர் செய்ததில் என்ன தவறு? என் மாமா தன் மாடியை ஒரு வக்கீலுக்கு விட்டார். வாடகை நின்றது. காலி செய்யச் சொன்னால், "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எங்கள் ஊரில் அவருக்கு எதிராக வக்காலத்துப் போட ஒரு வக்கீலும் முன்வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தோம். முன்சீப் கோர்ட்டில் முதல் வாய்தா. வாடகை பாக்கி வைத்தவர் கறுப்பு அங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், டவாலி முதல் எல்லோரும் அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார். இதைப் பார்த்தவன் எவனும் சாவியைக் கொடுக்க மாட்டான்.

தையல்மிஷின்:
நான் அதிகம் எழுதிப் பழக்கமில்லாதவள். என் கணவர் லாரி மோதி இறந்தார். இழப்பீட்டு வழக்குக்கு வக்கீலே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். எழுதாத தாள்களில் குமாஸ்தா கையெழுத்து வாங்கினார், போட்டுக் கொடுத்தேன். தீர்ப்பாகி வங்கிக் கணக்கில் பணம் வந்த அன்று குமாஸ்தாவும் கூடவே வந்தார். பணம் எடுக்கும் சீட்டை முதல்நாளே நிரப்பி மடித்து வைத்திருந்தார். நான்கில் ஒரு பங்கு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு எண்ணிக் கொடுத்துவிட்டாள். ஆனால் ஒன்று, இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் சொன்ன தொகை வந்த தொகையில் பாதிகூட இல்லை. அந்த வக்கீலைத் திட்டவும் வாய் வரவில்லை.

பழையசிரஸ்தார்:
சகோதரிக்கு. நான் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படி மடித்த சீட்டுகள் எத்தனையோ என் கண்முன் போயிருக்கின்றன. அது இருக்கட்டும், சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயித்த தொகையில் பங்கு கேட்பது, வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி கூடாது. ஃபீஸை முன்கூட்டியே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-த்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வக்கீல்கள் மேல் அங்கே வழக்குப் போட முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது. மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும்.

தாமிரபரணி:
சிரஸ்தார் ஐயா, அந்த அம்மா சட்டமா கேட்டார்? மடித்த சீட்டுகள் கண்முன் போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதியிருக்கலாம்.

என் கதை வேறு. தம்பியை அடிதடி வழக்கில் பிடித்துப் போய், ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டுக்கு ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாத வக்கீல் ஒருவர் வந்தார். எங்களிடம் பேசவேயில்லை, தம்பியிடம் ஒரே கேள்வி: "அடித்தார்களா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் போய் அவன் சட்டையை முதுகுப் பக்கம் தூக்கிப் பிடித்தபடி, "பாருங்கள் ஐயா" என்றார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், காயங்களைக் குறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு போட்டார். வக்கீல் ஆட்டோக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். ரௌடிகளுக்கு வாதாடுகிறவன் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். தம்பி மாட்டும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூடைச்சேர்:
உங்கள் தம்பி சரி. குழந்தையைக் கொன்றவனுக்கும் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுவாரா? எங்கள் ஊரில் அப்படி ஒருவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கமே தீர்மானம் போட்டது. டீக்கடையில் நாங்கள் கைதட்டினோம்.

வடக்குமாடவீதி:
@கூடைச்சேர், அந்தத் தீர்மானம் செல்லாது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் தகராறு வந்தபோது, போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்றது. அன்று வக்கீல் கிடைக்காமல் நின்றது போலீஸ்காரர்! @கருவேலங்காடு, உங்கள் மாமாவுக்கு வர மறுத்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது தொழிலுக்கே கேவலம். அதற்காக ஊரில் இருக்கும் சாவியையெல்லாம் ஒளித்து வைக்க வேண்டுமா?

கருவேலங்காடு:
வாடகையைச் சரியாகக் கொடுப்பவர் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

தையல்மிஷின்:
சிரஸ்தார் ஐயாவுக்கு நன்றி. ரசீது எதுவும் தரவில்லை. கட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, நானும் கேட்கவில்லை. பெரிய மகளுக்கு இப்போது ஜீவனாம்ச வழக்கு. இலவச உதவி மையம் இருப்பதைச் சொன்னேன், "காசு வாங்காதவர் அக்கறையாகப் பேசுவாரா?" என்கிறாள். திங்கட்கிழமை அதே வக்கீலிடம்தான் போகிறோம். இந்தத் தடவை பங்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.